வெளிக்கேட்டின் சாவி

ஏப்ரல் 19, 2021, திங்கள்

இன்றிலிருந்து வெளிக்கேட்டின் சாவி என்னிடம். மேனேஜர் கிருபாகரன் சார் எங்கள் எல்லாரையும் சாப்பாட்டுக்கூடத்தில் நிற்க வைத்து, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். கொரோனாவின் இரண்டாவது அலை மோசமாக வருகிறதாம். முதியோர் இல்லத்துக்குள் நுழைந்துவிட்டால் கொத்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால் நாளை முதல் ஊழியர்கள் யாரும் வீட்டுக்குப் போய் வரக் கூடாது, இங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும். போக வேண்டும் என்கிறவர்கள் போகலாம், ஆனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். "இனிமே துளசிம்மாதான் பொறுப்பாளர். அவங்க சொன்னாத்தான் கேட் திறக்கும்" என்று சாவியை என் கையில் வைத்தார். பிறகு தன் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினொரு வருடமாக இங்கே பீயும் மூத்திரமும் அள்ளுகிறேன். இப்போதுதான் துளசிமணி என்று ஒருத்தி இருப்பது இவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பொறுப்பாளர் தங்குவதற்கு என்று பழைய ஆபீஸ் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. மற்றப் பெண்களுக்குப் பிசியோதெரபி அறையில் பாய். பெரியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் மாரப்பனும் சமையல்கார ராக்கியப்பனும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார்கள்.

திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நல்லதாப் போச்சும்மா, அங்கயே இரு. இங்க பாப்பா சின்னக் கொழந்தை" என்றான். நான் வருகிறேன் என்று சொல்லவே இல்லை.

ஏப்ரல் 22, வியாழன்

நர்ஸ் ஸ்டெல்லா போய்விட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்களாம். பின்னாலேயே வார்டுப் பெண் வளர்மதியும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், "உங்கம்மா கொரோனா எடத்துல வேலை பாக்கறா, வீட்டைக் காலி பண்ணுங்க" என்று அவள் பிள்ளைகளிடம் சொன்னாராம். அழுதாள். இரண்டு நாள் பொறு, சாரிடம் பேசுகிறேன் என்றேன். அவள் பொறுக்கத் தயாராயில்லை. கேட்டைத் திறந்துவிட்டேன்.

சார் போனில் காரணம் கேட்டார். சொன்னேன். "பிள்ளைங்க கேட்டா பயம்னு சொல்லுங்க, முடிஞ்சுது" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வேலை செய்ய உடம்பு வணங்காதவர்களுக்குக் காரணமா கிடைக்காது?

ஏப்ரல் 27, செவ்வாய்

காலையில் ஜெகந்நாதன் அப்பா போய்விட்டார். கொரோனா இல்லை, இதயம். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். மில் என்ஜினியராக இருந்தவர், எண்பத்து நான்கு வயது. மாரப்பன் ஊட்டிய இட்லியில் பாதி அவர் வாயில் இருந்தது.

இங்கே ஒரு சட்டம். தங்கியிருக்கும் எல்லாரையும் அப்பா, அம்மா என்றுதான் நாங்கள் கூப்பிட வேண்டும். ஐயா, மேடம் என்று வாய் தவறினால் சார் கூப்பிட்டுத் திட்டுவார். பணம் கட்டும் பிள்ளைகளுக்கு அதைக் கேட்டால் மனசு குளிருமாம். எனக்கு இப்போது இருபத்தேழு அப்பா அம்மா. ஜெகந்நாதன் அப்பாவைச் சேர்க்காமல்.

மகன் சுதாகர் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறார். ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவரும் வர மறுத்துவிட்டார்கள். அவர் எனக்குப் போன் செய்து விம்மி விம்மி அழுதார். "அக்கா, டிக்கெட் கெடைச்சாலும் நான் வந்து சேர நாலு நாள் ஆகும். அப்பாவை அவ்வளவு நாள் வெச்சிருக்க வேண்டாம். மாரப்பன் அவரை அப்பான்னுதானே கூப்பிடுவார்? குளிப்பாட்டி விட்டதெல்லாம் அவர்தானே? அவரே மகன் ஸ்தானத்துல நின்னு கொள்ளி வெச்சுட்டா எனக்கு ஒரு நிம்மதி. நான் வீடியோல பாத்துக்கறேன்."

சார் உடனே சரி என்றுவிட்டார், மயானத்துக்குப் போய் வர மட்டும் கேட்டைத் திறக்கலாமாம். மாரப்பனைச் சம்மதிக்க வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவன் துவைக்கிற கல்லருகே நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பெட்ஷீட்டை அப்படியே வாளியில் போட்டுவிட்டான்.

"ஏனுங்க்கா, என்ற அப்பன் உசுரோட இருக்கறாருங்க. அப்பன் இருக்கறவன் கொள்ளிக்கொடம் எடுக்கலாமுங்களா? நாங்க மீசையக்கூட எடுக்க மாட்டோமுங்க."

"அதெல்லாம் அந்தக் காலம் மாரப்பா. தெனமும் அப்பா அப்பான்னு கூப்பிட்டியே, வெறும் வாய் வார்த்தைக்கா?"

"சட்டம்னு கூப்பிட்டனுங்க."

"அந்த மனுசன் உன் கையாலதான் சோறு உண்டாரு. அநாதைப் பொணமாப் போகட்டுமா, சொல்லு."

அவன் வாளியைப் பார்த்தான். அவனுக்கு மனசு இளகுகிறது என்று தெரிந்ததும், நான் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பேசினேன். "உன்ற அப்பனுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நானே கேட்டைத் திறந்து உடறேன். சார் என்ன சொன்னாலும் சரி. இது என் மேல சத்தியம், போதுமா?"

தலையை ஆட்டினான். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி நம்புகிறான். அந்த நேரத்துக்கு வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 28, புதன்

மின்மயானத்தில் காரியம் நல்லபடியாக முடிந்தது. மீசையும் முடியும் போன பிறகு மாரப்பனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்தான். வெட்டியான் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார். பிறகு நெஞ்சின் மேல் சூடம் வைத்தான்.

நான் போனைப் பிடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர்கள் பிள்ளைகளுக்கு வீடியோ பிடித்துப் பிடித்துப் பழகிய கை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் படம் ஆடாது. "கொஞ்சம் பக்கத்துல போங்கக்கா, அப்பா மொகம் தெரியலை" என்றார் சுதாகர். போனேன்.

மாலையில் சார் அந்த வீடியோவைப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'மகனாகவே மாறிய எங்கள் ஊழியர்' என்று மேலே எழுதியிருந்தது. எல்லா நாடுகளிலிருந்தும் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன.

மே 3, திங்கள்

அந்த வீடியோ எப்படியோ மாரப்பனின் ஊருக்குப் போய்விட்டது. கிணத்துக்கடவுக்குப் பக்கம், இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அவன் சித்தப்பா போனில் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. "உசுரோட இருக்கற அப்பனுக்குக் கருமாதி பண்ணிட்டு வந்து நிக்கறியேடா!" அவன் அப்பா போனை வாங்கவே இல்லையாம்.

"கோவம் ரெண்டு நாள்ல போயிரும், ஒரு எட்டு நேர்ல போயி வா, எல்லாம் அடங்கிரும்" என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் போனால் திரும்ப வர முடியாது. அதனால் சொல்லவில்லை. படுத்தே கிடப்பவர்கள் ஒன்பது பேர். அவர்களைத் தூக்கி உட்கார வைக்க இந்த ஒருத்தன்தான் இருக்கிறான்.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு. நான்காம் அறை அப்பாவுக்குக் காய்ச்சல், பிறகு அவர் மனைவிக்கு, பிறகு ஐந்தாம் அறை. வந்துவிட்டது.

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எங்களுக்காக ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வெவ்வேறு நாடுகளின் சமையலறைகளில் நின்றுகொண்டு கை தட்டுகிறார்கள். 'நீங்கள் தேவதைகள்' என்று ஒரு பெண் குழந்தை அட்டையில் எழுதிக் காட்டியது. தேவதைகளுக்கு இன்றும் ரசம்தான். காய்கறி வண்டிக்காரன் எங்கள் தெருவுக்குள் வர மாட்டேன் என்கிறான். போட்டுக்கொள்ள வந்த கவச உடை ஆளுக்கு ஒன்றுதான், அதைத் துவைத்துத் துவைத்துப் போட்டு அக்குளில் கிழிந்துவிட்டது. வார்டு பெண்கள் எல்லாருக்கும் ஒரே கக்கூஸ், அதுவும் காலையில் அடைத்துக்கொண்டது.

சிங்கப்பூர் மகள் ஒருத்தி அறையில் மாட்டியிருக்கும் கேமராவில் பார்த்துவிட்டு, அவள் அம்மாவுக்கு மதியம் தலை வாரவில்லை என்று சாருக்கு எழுதினாள். தலை வார வேண்டிய சந்திரகலா அப்போது மூன்றாம் அறையில் வாந்தி அள்ளிக்கொண்டிருந்தாள். சார் அவளைப் போனில் பிடித்துத் திட்டினார். கவசத்தைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, "சாவியக் குடுங்க்கா" என்றாள். அவளோடு இன்னொருத்தியும் போனாள்.

கேட்ட பிள்ளைகளிடம் பயம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான், மாரப்பன், ராக்கியப்பன், ஈஸ்வரி என்று ஒரு பெண். அவ்வளவுதான்.

மே 16, ஞாயிறு

ஏழாம் அறை கமலவேணி அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. சார் எங்கிருந்தோ ஆக்சிஜன் சிலிண்டர்கள் அனுப்பி வைத்தார். அதைப் பொருத்துவது எப்படி என்று கொண்டுவந்தவன் கேட்டுக்கு வெளியே நின்றபடி சொல்லிக் கொடுத்தான், உள்ளே வர மாட்டானாம். மாரப்பன் மட்டும்தான் அதைப் பழகிக்கொண்டான். உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தவும் அவன் ஒருத்தனால்தான் முடிகிறது.

அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, எங்கீம் போயிராத" என்றார். "எங்கீங்க போறேன்" என்றான்.

மே 18, செவ்வாய்

நான்காம் அறை அப்பா காலையில். அவர் மனைவி மாலையில். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். காப்பி குடித்தேன், கசந்தது.

மே 21, வெள்ளி

மாரப்பனின் அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், நேற்றிலிருந்து இருமலாம். அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நானேதானம்மா இப்ப வரல. இங்கிருந்து நோவை ஒட்டிட்டு வந்துருவேன். நீ சுடுதண்ணி குடு, அப்பறமா வாரேன், வாரேன்" என்றான்.

பரவாயில்லை, புத்தியுள்ள பையன் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்தவன் நேராக என்னிடம்தான் வந்தான்.

"அக்கா, என்ற அப்பன் போனை வாங்கிப் பேசிட்டாருங்க. 'ஒரு நடை வந்துட்டுப் போடா'ன்னாருங்க. கோவமெல்லாம் இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. வெசாரிச்சுக்கிட்டே இரு."

"நீங்க சொன்னீங்களுங்க்கா. ஒண்ணுன்னா திறந்து உடறேன்னு."

"இப்ப என்ன ஒண்ணு ஆயிருச்சு? ஊருக்கே காய்ச்சல். நீ போயிட்டா ஏழாம் நம்பர் அம்மாவுக்கு யாரு இருக்கறா? ஈஸ்வரியா சிலிண்டரைத் தூக்குவா?"

அவன் ஏழாம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஒரு ராத்திரி, ஒரு பகலுங்க. ஓடிப் போயி ஓடி வந்துருவனுங்க."

சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சாருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "துளசிம்மா, அவனை விட்டா மொத்த இல்லமும் காலி. அப்பாவுக்குக் காய்ச்சல், பாட்டிக்குக் காய்ச்சல்னு எல்லாரும் ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு ரெண்டு நாள் இழுத்துப் பிடிங்க, நான் வேற ஆள் பாக்கறேன். கேட் மட்டும் திறக்கக் கூடாது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருபத்தைந்து உயிர் உள்ளே கிடக்கிறது.

சார் போன் எடுக்கவில்லை என்று மாரப்பனிடம் சொன்னேன்.

மே 22, சனி

அவன் அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. உள்ளே இடம் கிடைக்கும்வரை வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்களாம்.

காலையில் கேட்டான். சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். மதியம் கமலவேணி அம்மாவுக்கு மறுபடியும் மூச்சு இறங்கிவிட்டது. அவன்தான் குப்புறப் படுக்க வைத்து, முதுகைத் தட்டி, சிலிண்டரை மாற்றினான். சாயங்காலம் கேட்டான். ஊரடங்கில் இ-பதிவு அனுமதி இல்லாமல் போனால் வழியில் போலீஸ் பிடிக்கும், நாளைக்குக் காலையில் சார் பதிவு செய்து தருவார் என்றேன். சாரிடம் அப்படி எதுவும் நான் பேசியிருக்கவில்லை. சாயங்காலமாகிவிட்ட பிறகு இனி எப்படிப் போவான், காலையில் எப்படியும் ஒரு வழி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்குக் காத்தால கண்டிப்பா உட்டுருவீங்களுங்க்கா?"

"உடறேன் சாமி."

சுற்றுச்சுவர் அவன் தோள் உயரம்தான். ஏறிக் குதித்தால் ஒரு நிமிடம். அவன் குதிக்கவில்லை. என் வார்த்தையை நம்பியா, அந்த அம்மாவை விட்டுப் போக மனமில்லாமலா என்று எனக்குத் தெரியவில்லை.

மே 23, ஞாயிறு

அதிகாலையிலேயே அவன் அப்பா போய்விட்டார், அந்த ஆம்புலன்ஸிலேயே.

சாரிடம் சொன்னேன். "அய்யோ பாவம்" என்றார். "எப்படியும் பாடியை வீட்டுக்குத் தர மாட்டாங்க. அவன் போயி என்ன பண்ணப் போறான்? தொடக்கூட விட மாட்டாங்க. அங்க போயிட்டு வந்தா இங்க எல்லாருக்கும் பரவும். எடுத்துச் சொல்லுங்க." எடுத்துச் சொன்னேன். மாரப்பன் என் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அதைக் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை.

பத்து மணி வாக்கில் அவன் சித்தப்பா மகன் மயானத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். மாரப்பன் அப்போது ஏழாம் அறையில் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அந்தக் கையால் போனைத் தொட முடியாது. நான் வாங்கிப் பிடித்தேன். வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றியதை நாலு பேர் தூரத்தில் இறக்கினார்கள். முகம் தெரியவில்லை. அந்தப் பையன்தான் சூடம் வைத்தான், அதையும் நின்று வைக்க விடாமல் தள்ளினார்கள். மாரப்பன் முகக் கண்ணாடிக்குள் அழுதான். கண்ணாடி பனித்துப் போய் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

என் கை ஆடவில்லை. பழக்கம்.

டல்லாஸும் கிணத்துக்கடவும் ஒரே தூரம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அங்கே இருந்தவருக்காவது விமானம் இல்லை. இவனுக்கு என்ன இல்லை என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

படம் நின்றதும் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கமலவேணி அம்மாவின் துணியை மாற்றப் போனான்.

மே 24, திங்கள்

மாரப்பன் என்னோடு பேசவில்லை. வேலை எல்லாம் நடந்தது.

ஜூன் 2, புதன்

கமலவேணி அம்மா ஆக்சிஜன் இல்லாமல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். மாரப்பன் ஊட்டினான். அவர் மகள் கனடாவிலிருந்து வீடியோவில் அழுதுகொண்டே, "மாரப்பன் அண்ணா, நீங்க தெய்வம்" என்றாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைத் தள்ளிப் பிடித்து, தூக்கக் கலக்கம் என்று நான் சமாளித்தேன்.

ஜூன் 6, ஞாயிறு

நாளை அவன் அப்பாவுக்குக் கருமாதி. குளித்துவிட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றான். சாரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். அவனே பூட்டைத் திறந்தான், வெளியே போனான், கம்பி வழியாகக் கை விட்டு மறுபடி பூட்டினான், சாவியை உள்பக்கம் சிமெண்ட் மேடையில் வைத்தான். தரையில் வீசவில்லை. வீசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஈஸ்வரி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். "என்னடி பார்வை? போயி படுக்கை மாத்து" என்று எரிந்து விழுந்தேன்.

ஜூன் 9, புதன்

அவன் போனதைச் சார் குழுவில் எழுதினார். கொரோனா பயத்தால் ஊழியர்கள் விலகுவதால் பராமரிப்பில் சிறு தாமதம் ஏற்படலாம், பொறுத்தருளவும் என்று எழுதியிருந்தார். கீழே ஒரே புலம்பல். சுதாகர்கூட எழுதியிருக்கிறார்: 'மாரப்பனா? நம்பவே முடியவில்லை. அப்பாவுக்கு மகனாக நின்றவர். இந்தக் காலத்தில் யாருக்கும் விசுவாசம் இல்லை.' அதற்குப் பதினாறு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதிவிட்டு அழித்துவிட்டேன். குழுவில் ஊழியர்கள் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது.

ஜூலை 8, வியாழன்

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. புதிதாக வந்த இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு வாரம் இருந்துவிட்டு ஓடிவிட்டார்கள். சார் இன்று நேரில் வந்தார், இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு. "மாரப்பனை நேர்ல போயிக் கூப்பிடுங்க துளசிம்மா. உங்க பேச்சைத்தான் கேப்பான். துக்கம் கேட்ட மாதிரியும் ஆச்சு" என்றார்.

எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 11, ஞாயிறு

போய் வந்தேன். கிணத்துக்கடவில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். ஓட்டு வீடு. வாசலில் ஒரு எருமை. மாரப்பன் தொட்டியருகே புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தான். மீசை பாதி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க்கா" என்றான். கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அவன் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சின்ன உருவம், நெற்றி வெறுமையாக இருந்தது. "நீங்கதானுங்களா அந்தத் துளசிமணி அம்மிணி? எம் பையன் உங்களப் பத்தி நல்லாச் சொல்லுவானுங்க. அக்கா அக்கான்னு வாய் ஓயாது" என்றார்.

அவன் சித்தப்பாவும், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் சித்தப்பாவுக்கு வாய் திறந்துவிட்டது.

"நீங்களே நாயத்தச் சொல்லுங்கம்மிணி. ஊரான் அப்பனுக்கு மீசைய எடுத்துக் கொள்ளிக்கொடம் தூக்குனவன், பெத்த அப்பன் வண்டிக்குள்ள கெடந்து இழுக்கறப்ப வரமாட்டீனுட்டானுங்க. சம்பளம் போயிருமுன்னு பயமுங்க. இல்லாட்டி நோவு வந்துருமுன்னு பயமுங்க. என்ற பையன்தான் சூடம் வெச்சான். ஊர்ல ஒருத்தரும் இவங்கூடப் பேசறதில்லீங்க. கருமாதி அன்னிக்கு மொட்டை அடிக்க வந்தவங்கூட, உனக்கு ஏற்கெனவே அடிச்சாச்சேன்னு கேட்டானுங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். மாரப்பன் புண்ணாக்கைப் பிசைந்துகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பூட்டி வைத்திருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கெஞ்சிக் கேட்டதையும் சொல்லவில்லை. தானே வரவில்லை என்று அம்மாவிடம் அன்றைக்குப் போனில் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறான். ஒரு ஆம்பிளையை, எருமையைக் கட்டி வைப்பது போல, ஒருத்தி கேட்டைப் பூட்டி வைத்திருந்தாள் என்று எந்த வாயால் சொல்வான்? அல்லது என்னைக் காட்டிக் கொடுக்க மனசில்லையோ என்னவோ. அவனைக் கேட்கவா முடியும்?

அவன் அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அவரு வண்டியில ஏத்தறப்பக்கூட, மாரப்பன் வந்துட்டானான்னுதானுங்க கேட்டாரு. வந்துட்டிருக்கறான்னு பொய் சொன்னனுங்க. இவன் எதுக்கும் வரமாட்டேன்னு சொன்ன பையன் இல்லீங்க. இதுக்கு மட்டும் எதுக்கு அப்பிடிச் சொன்னானுன்னு எனக்கு மனசே ஆறலீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு என் முழங்காலைத் தொட்டார். "நீங்க சொல்லுங்கம்மிணி. இவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீங்க உட்டிருப்பீங்கல்லங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொட்டியருகே இருந்தவனும் நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இல்லை. காத்திருந்தான்.

ஒரே ஒரு வார்த்தைதான். கேட்டான், நான்தான் விடவில்லை என்று சொன்னால் அந்த ஊர் அவனோடு பேசும். அந்த அம்மாவுக்கு மகன் திரும்பக் கிடைப்பான். என்னைத் திட்டுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், அதிகம் போனால் அடிப்பார்கள். நான் திரும்பிப் போகிற பஸ் இருக்கிறது. எனக்கு அந்த ஊரில் என்ன வேலை? சொல்லியிருக்கலாம்.

"உட்டிருப்பனுங்க" என்றேன். "கேக்கவே இல்லீங்களே."

சித்தப்பா தொடையில் அடித்துக்கொண்டு, "கேட்டுக்கடா" என்றார். அவன் அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார். மாரப்பன் வாளியை எடுத்துக்கொண்டு எருமையிடம் போனான்.

காப்பியை முழுவதும் குடித்தேன். வேலைக்குத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை.

ஜூலை 12, திங்கள்

வேலையை விட்டுவிடுகிறேன் என்று காலையில் சாரிடம் சொன்னேன். காரணம் கேட்டார். மூட்டு வலி என்றேன்.